மணிக்கட்டும் குமட்டலும்

சஸ்திர சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் வந்து சேர்ந்திருக்கும் ஒருவரை அணுகி, சிகிச்சை முடிந்து கண் விழிக்கும் வேளையில் நேரக்கூடிய உபாதைகளுள் எது தமக்கு நேராமல் இருக்க வேண்டுமென்று எல்லாவற்றுக்கும் மேலாக விரும்புகிறார் என்று கேட்டால், கத்தி பட்ட இடத்தின் வலியையே அவர் முதலிற் சொல்லுவார் என்று நாம் எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால், அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்து மயக்க மருந்து நிபுணர்கள் இந்தக் கேள்வியை முறையாகக் கேட்டு 1999இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் கிடைத்த விடை வேறு. அவர்கள் நோயாளிகளிடம் உபாதைகளின் ஜாபிதா ஒன்றைக் கொடுத்து, கையில் 100 டாலர் இருப்பதாகப் பாவித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தவிர்ப்பதற்கு எவ்வளவு செலவிடச் சம்மதம் என்று பங்கிட்டுக் காட்டும்படி சொன்னார்கள். ஏறக்குறைய 18 டாலர் பெற்று முதல் இடத்தில் நின்றது வாந்தி. சுவாசக் குழாய் தொண்டையில் உறுத்துவதால் உண்டாகும் ஓங்கரிப்பு இரண்டாவது. காயத்தின் வலியோ அதற்கும் அடுத்தபடிதான் வந்தது.

வைத்தியர்களின் கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும் ஒரு துன்பம், அதை அநுபவிப்பவரின் கண்ணுக்கு எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை. சஸ்திர சிகிச்சைக்கு உள்ளாகிறவர்களைப் பொதுவாக எடுத்துக்கொண்டால், 100 பேரில் ஏறத்தாழ 30 பேர் பின்னர் வாந்தியெடுக்கிறார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் குமட்டலால் வருந்துகிறார்கள். இத்துன்பத்தைத் தடுக்க மருந்துகள் பல உண்டு. அவற்றோடு, மணிக்கட்டுக்குச் சற்று மேலே உள்ள ஓர் இடத்தை அழுத்துவது என்ற மிக எளிய முறையும் கடந்த நாற்பது ஆண்டுகளாகப் பரிசோதிக்கப்பட்டு வந்திருக்கிறது. புராதனமான ஒரு வழக்கம் நவீன விஞ்ஞானத்தின் சோதனைக் கூண்டில் எவ்வாறு நிறுத்தப்பட்டது, என்னென்ன கேள்விகளுக்கு விடை சொல்ல நேர்ந்தது, எந்தத் தீர்ப்பைப் பெற்றது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

ஈதரோடு வந்த துன்பம்

1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி, பாஸ்டன் நகரத்து மாஸசூஸெட்ஸ் பொது ஆஸ்பத்திரியில் வில்லியம் மார்ட்டன் ஈதரின் ஆவியை ஒரு நோயாளியைச் சுவாசிக்கச் செய்து, வலி தெரியாமல் சஸ்திர சிகிச்சை செய்ய முடியும் என்பதை உலகறியக் காட்டினார். மறு ஆண்டு எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ஸன் குளோரோபாரத்தைக் கொண்டுவந்தார். மனித குலத்தின் பெரும் பயம் ஒன்று இவ்வாறு நீங்கியது. ஆயினும் அந்த வரத்தோடு ஒட்டிக்கொண்டே ஒரு சிறு சாபமும் வந்தது. வலியின்றி உறங்கியவர்கள் விழித்தபோது வயிற்றைப் புரட்டிக்கொண்டு வாந்தியெடுத்தார்கள். ஈதர் கோலோச்சிய காலத்தில் முக்கால்வாசிப் பேர் இந்த அவஸ்தைக்கு ஆளாயினர் என்பது மதிப்பீடு. காலரா நோய் குடிநீரின் வழியாகப் பரவுகிறது என்று பின்னாளில் நிரூபித்துப் புகழ்பெற்ற ஜான் ஸ்னோ, மயக்க மருந்தைச் சாஸ்திர முறையில் ஆராய்ந்த முதல் வைத்தியர்களுள் ஒருவர். இந்த வாந்தியைக் குறித்து 1848இலேயே எழுதி, திராட்சை மதுவும் அபினும் இதற்குப் பரிகாரமாகலாம் என்று சொல்லியிருக்கிறார். அபினே வாந்தியைத் தூண்டும் பொருள்களுள் ஒன்று என்பதை இன்று நாம் அறிந்திருப்பதால், அந்நாளைய வைத்தியர்கள் எவ்வளவு இருட்டில் கைகளை நீட்டித் துழாவினார்கள் என்பது விளங்கும்.

வாந்தி என்பது இரைப்பை தானாகச் செய்யும் காரியம் அன்று. மூளையின் அடிப்பகுதியான முகுளத்திலிருந்து பிறக்கும் ஆணையின்படி, முதலில் வாயில் உமிழ்நீர் ஊறி, முகம் வெளுத்து, வேர்வை அரும்பி, சிறுகுடலின் மேற்பகுதி எதிர்த் திசையில் சுருங்கித் தன்னுள் இருப்பதை இரைப்பைக்குத் தள்ளுகிறது. பின்பு குரல்வளை மூடிக்கொள்ள, உதரவிதானமும் வயிற்றுத் தசைகளும் ஒருசேர இறுகி இரைப்பையை நெருக்க, இரைப்பையின் வாயில் தளர்ந்து, உள்ளே இருப்பது மேலே வீசப்படுகிறது. இரைப்பையோ இந்த நாடகத்தில் பெரும்பாலும் நெருக்குண்டு கிடக்கும் ஒரு பையாகவே இருக்கிறது.

முகுளத்துக்கு இந்தத் தூண்டுதல் வந்து சேரும் வழிகள் பல. நான்காவது மூளை அறையின் தரையில் ஒரு சிறு பிரதேசம் இருக்கிறது. மூளையின் பெரும்பாலான இடங்களில் இரத்தத்தில் உள்ள பொருள்களை உள்ளே எளிதில் புக விடாத தடுப்பு அங்கே மெல்லியதாய் அமைந்திருப்பதால், இரத்தத்தில் கலந்த நச்சுப் பொருள்களை அது உடனே உணர்ந்துவிடுகிறது. அபினின் வழிவந்த வலிநிவாரண மருந்துகள் பிரதானமாக இந்த இடத்தையே தொடுகின்றன. குடலின் சுவரில் உள்ள சில உயிரணுக்கள் ஸெரட்டோனின் என்ற ரசாயனத்தை வெளியிட, அது வேகஸ் நரம்பைத் தூண்டிச் செய்தி அனுப்புவது இன்னொரு வழி. உட்செவியில் உள்ள சமநிலைக் கருவி, பஸ்ஸிலும் கப்பலிலும் சிலருக்குத் தலைசுற்றலை உண்டாக்கும் அதே கருவி, மூன்றாவது வழி. அச்சமும், அருவருப்பும், முன் அநுபவத்தின் நினைவும் மூளையின் மேற்பகுதியிலிருந்து இறங்கிவரும் நான்காவது வழி. பல வாய்க்கால்கள் வந்து விழும் ஏரியில் ஒரு வாய்க்காலை மட்டும் அடைத்துவிட்டு வெள்ளம் நின்றுவிடும் என்று எதிர்பார்க்க முடியாததைப் போலவே, ஒரே மருந்தால் இந்த வாந்தியை முற்றிலும் தடுத்துவிட முடிவதில்லை. 1991இல் அமெரிக்காவில் அநுமதி பெற்ற ஒண்டான்ஸெட்ரான் ஸெரட்டோனின் வழியை அடைக்கிறது. ட்ரோபெரிடால், டோபமின் என்ற மற்றொரு ரசாயனத்தின் வழியை அடைக்கிறது. டெக்ஸாமெத்தஸோன் வேறு விதமாக உதவுகிறது. 2004இல் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடந்த ஒரு பெரிய பரிசோதனை, இம்மூன்றில் ஒவ்வொன்றும் தனித்தனியே ஆபத்தை ஏறக்குறையக் கால் பங்கு மட்டுமே குறைக்கிறது என்றும், ஒன்றோடொன்று சேரும்போது ஒவ்வொன்றும் தன் பங்கைச் செய்கிறது என்றும் காட்டிற்று.

இத்துன்பம் யாருக்கு வரும் என்பதையும் ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம். ஜெர்மனியில் வூர்ஸ்புர்க் நகரத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் ஆப்ஃபெல் என்பவரும் பின்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 1999இல் நான்கு குறிகளைச் சொன்னார்கள்: பெண்ணாக இருத்தல், புகைபிடிக்காதவராக இருத்தல், முன்பு சஸ்திர சிகிச்சைக்குப் பின் வாந்தியெடுத்த அல்லது பிரயாணத்தில் குமட்டல் கண்ட அநுபவம், சிகிச்சைக்குப் பின் அபின் வகை மருந்துகள் தேவைப்படுதல். இவற்றுள் ஒன்றும் இல்லாதவருக்கு 100க்கு 10 அளவில் இருக்கும் ஆபத்து, ஒவ்வொரு குறியும் சேரச் சேர ஏறக்குறைய 20, 40, 60 என்று உயர்ந்து, நான்கும் உள்ளவருக்கு 80ஐ எட்டிவிடுகிறது.

இதைச் சில மணி நேரத்து அசௌகரியந்தானே என்று தள்ளிவிடுவதற்கும் இல்லை. ஓங்கரிக்கும்போது வயிற்றிலிட்ட தையல் இழுபடுகிறது. கண்ணில் சிகிச்சை செய்திருந்தால் கண்ணுள் அழுத்தம் ஏறுகிறது. மயக்கம் முழுவதும் தெளியாதவர் வாந்தியெடுத்தால் அது சுவாசப் பைக்குள் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். நீரும் உப்பும் இழந்து களைத்தவர் அன்றைக்கே வீடு திரும்ப வேண்டியவராயினும், ஆஸ்பத்திரியிலேயே தங்க நேருகிறது.

சீனத்திலிருந்து பெல்ஃபாஸ்டுக்கு

சீனத்தின் பழைய வைத்திய நூல்கள் சரீரத்தில் பிராண சக்தி ஓடும் நாளங்கள் பலவற்றைக் கற்பித்து, அவற்றின் மேல் நூற்றுக்கணக்கான ஸ்தானங்களைக் குறித்து வைத்திருக்கின்றன. ஹிருதயத்தைச் சூழ்ந்த உறையின் நாளம் என்று அவர்கள் பெயரிட்ட பாதையில், உள்ளங்கைப் பக்கத்தில், மணிக்கட்டு ரேகைக்குச் சற்று மேலே இருப்பது நெய்குவான் என்ற ஸ்தானம். அந்த நாளத்தின் ஆறாவது ஸ்தானமாதலால் மேனாட்டு நூல்களில் பி-6 என்று வழங்குகிறது. அதை ஊசியாற் குத்துவது அக்குபங்சர். விரலாலோ பட்டையாலோ அமுக்குவது அக்குபிரஷர். குமட்டலுக்கும் நெஞ்சு உபாதைகளுக்கும் அந்த ஸ்தானத்தைப் பிரயோகிப்பது சீனத்தில் நெடுநாளைய வழக்கம்.

மேலை நாடுகளின் பொது ஜனங்கள் இந்த வைத்தியத்தைப் பற்றி விசேஷமாகப் பேசத் தொடங்கியதே ஒரு சஸ்திர சிகிச்சையின் பின்விளைவால் என்பது கவனிக்கத்தக்கது. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் புகழ்பெற்ற நிருபர் ஜேம்ஸ் ரெஸ்டன் 1971 ஜூலையில் பீகிங்கில் இருந்தபோது குடல்வால் வீக்கம் கண்டு, அங்குள்ள ஆஸ்பத்திரியில் வழக்கமான மயக்க மருந்து முறையில் சிகிச்சை பெற்றார். அதன் பின் வயிறு உப்பி வருந்திய அவருக்கு முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் ஊசிகளைச் செருகி உபாதையைத் தணித்தார்கள். இதை அவர் அம்மாதம் 26ஆம் தேதிப் பத்திரிகையில் எழுதியது பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. ஆனால் ஒருவரின் அநுபவம், அவர் எவ்வளவு நேர்மையுள்ளவராயினும், விஞ்ஞானத்துக்குப் பிரமாணம் ஆகாது. ஊசி குத்தாமலே அந்த உப்புசம் தணிந்திருக்குமா என்பதைச் சொல்ல அவராலும் முடியாது, அவருடைய வைத்தியராலும் முடியாது.

அந்தக் கேள்வியைக் கேட்கும் பக்குவம் உடைய ஒருவர் வட அயர்லாந்தில் இருந்தார். பெல்ஃபாஸ்ட் நகரத்துக் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் மயக்க மருந்துப் பேராசிரியர் ஜே. டபிள்யூ. டண்டி, தயோபென்டோன் என்ற மயக்க மருந்தைப் பற்றி 1956இலேயே நூல் எழுதியவர். சஸ்திர சிகிச்சைக்கு முன் கொடுக்கும் மருந்துகள் எவ்வளவு வாந்தியை உண்டாக்குகின்றன என்பதை ஆண்டுக் கணக்கில் எண்ணிப் பார்த்துத் தேர்ந்தவர். அவர் சீனத்துக்குச் சென்றிருந்தபோது, அங்கே கர்ப்பிணிகள் குமட்டலைத் தடுப்பதற்காகத் தம் மணிக்கட்டுக்கு மேலே விரலால் அமுக்கிக்கொள்வதைக் கண்டார். அதை மூட நம்பிக்கை என்று புறக்கணிக்கவும் இல்லை; கண்டதும் சித்தாந்தமாக ஏற்றுக்கொள்ளவும் இல்லை. ஊர் திரும்பியதும், அபின் வகை மருந்து ஒன்றை முன்கூட்டியே பெற்றுச் சிறு சிகிச்சைக்கு உட்படும் பெண்களுள் சிலருக்கு அந்த ஸ்தானத்தில் ஊசியிட்டும், சிலருக்கு இடாமலும், சிலருக்கு வேறோர் இடத்தில் இட்டும் யார் யார் வாந்தியெடுத்தார்கள் என்று கணக்கெடுத்தார். பி-6 ஸ்தானத்தில் ஊசி பெற்றவர்களிடையே வாந்தியும் குமட்டலும் குறைந்திருந்தன. பொய்யான இடத்தில் பெற்றவர்களிடம் அந்தப் பலன் காணப்படவில்லை. 1986இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் பத்திரிகையில் வந்த இந்தச் செய்தியே பின்வந்த ஆராய்ச்சிகள் அனைத்துக்கும் வித்தாயிற்று.

ஊசிக்குப் பதிலாக அமுக்கினாற் போதுமா என்றும் டண்டியின் குழுவினர் பார்த்தார்கள். உட்புறத்தில் சிறு குமிழ் வைத்துத் தைத்த, கடற்பிரயாணிகள் அணியும் இழுபட்டையை மணிக்கட்டில் மாட்டியபோதும் பலன் கிடைத்தது. ஆனால் ஊசியின் பலனைவிடச் சற்றுக் குறைவாகவும், சீக்கிரம் மறைவதாகவும் இருந்தது. புற்றுநோய்க்கு மருந்து பெறுகிறவர்களிடம் ஊசியின் பலன் சுமார் 8 மணி நேரமே நின்றபோது, பட்டையை அணிந்துகொண்டு இரண்டு மணிக்கு ஒருமுறை குமிழை அமுக்கிவந்தால் அது ஒரு நாள் வரை நீடிக்கிறது என்றும் அவர்கள் கண்டார்கள்.

டண்டியின் பரிசோதனைகளுள் எனக்கு மிகச் சிறந்ததாகத் தோன்றுவது 1991இல் வெளிவந்த ஒன்று. பி-6 ஸ்தானத்தில் முதலில் அந்த இடத்தை மட்டும் மரத்துப் போகச் செய்யும் மருந்தைச் செலுத்தி, அதன் பிறகு அதே ஸ்தானத்தில் ஊசியிட்டார்கள். வாந்தியைத் தடுக்கும் பலன் மறைந்துவிட்டது. நாளங்களையும் பிராண சக்தியையும் பற்றிய பழைய சித்தாந்தம் மெய்யோ பொய்யோ, பலன் மட்டும் உணர்ச்சி நரம்பின் வழியாகவே மூளைக்குச் செல்கிறது என்பதற்கு இது வலுவான குறிப்பு. அந்த ஸ்தானத்துக்கு நேர் கீழே ஓடுவது கையின் நடுநரம்பு. அந்த நரம்பில் எழும் உணர்ச்சி முகுளத்தை அடைந்து அங்குள்ள வாந்தி மையங்களை அடக்குகிறதா, உடல் தானே சுரக்கும் எண்டார்ஃபின் போன்ற பொருள்கள் இடையில் வேலை செய்கின்றனவா என்பன இன்னும் ஆராயப்பட்டு வருகின்றன. காரணம் முழுவதும் துலங்காத நிலையிலும் காரியத்தை அளக்க முடியும் என்பதை வைத்தியத்தின் வரலாறு பலமுறை காட்டியிருக்கிறது.

சோதனைக் கூண்டில்

ஒரு பரிசோதனையில் கண்டது மற்றொன்றில் பொய்த்துப் போவது விஞ்ஞானத்தில் சாதாரணம். 1987இல் நியூஸிலாந்திலிருந்து வந்த ஒரு பரிசோதனை, மயக்கம் கொடுத்த பிறகு ஊசியிட்டதில் பலன் ஒன்றும் காணவில்லை. பிரிட்டனில் ஆண்ட்ரூ விக்கர்ஸ் என்பவர் அதுவரை வெளிவந்த 33 பரிசோதனைகளைத் தொகுத்து 1996இல் ஆராய்ந்தபோது, நோயாளி மயக்கத்தில் இருக்கையில் செய்த நான்கிலும் பலன் இல்லை என்றும், மற்ற 29இல் 27 பலன் காட்டின என்றும் கண்டார். இதிலிருந்து, குமட்டலைத் தூண்டும் பொருள் உடலிற் புகுமுன்பே ஸ்தானத்தைத் தூண்டிவிட வேண்டும் என்ற அபிப்பிராயம் வலுப்பெற்றது. ஆனால் 2007இல் ஸ்விட்ஸர்லாந்து நிபுணர்கள் ஓர் அழகான உபாயம் செய்தார்கள். மயக்கத்தில் தசைகள் எவ்வளவு தளர்ந்திருக்கின்றன என்பதை அறிய, மணிக்கட்டின் சுண்டுவிரற் பக்கத்து நரம்பில் சிறு மின்துடிப்புகளைச் செலுத்திப் பார்ப்பது வழக்கம். அந்த மின்தகடுகளை அவர்கள் நடுநரம்பின் மேல், பி-6 ஸ்தானத்துக்கே மாற்றி வைத்தார்கள். சுண்டுவிரற் பக்கத்தில் வைத்தவர்களுள் 100க்கு 61 பேர் உபாதைப்பட, பி-6இல் வைத்தவர்களுள் 45 பேரே உபாதைப்பட்டனர். ஆழ்ந்த மயக்கத்தில் கிடந்தவர்களிடமும் பலன் தோன்றியதால், எந்த நேரத்தில் தூண்டுவது என்ற வழக்கு மீண்டும் திறந்துவிட்டது.

குழந்தைகளைப் பற்றிய ஒரு பரிசோதனையும் குறிப்பிடத்தக்கது. மாறுகண் சிகிச்சை பெறும் குழந்தைகள் பின்னர் மிக அதிகமாக வாந்தியெடுப்பது வழக்கம். ஆஸ்திரிய நாட்டு வைத்தியர்கள் 1998இல், தோலிற் படுவதே தெரியாத மெல்லிய லேசர் ஒளியைப் பி-6 ஸ்தானத்தில் பாய்ச்சியபோது 100க்கு 25 குழந்தைகளும், ஒளி பாயாத கருவியை வெறுமனே வைத்தபோது 85 குழந்தைகளும் வாந்தியெடுத்தனர். நாற்பது குழந்தைகளை மட்டும் கொண்ட சிறு பரிசோதனைதான். ஆயினும், இவ்வளவும் நோயாளியின் நம்பிக்கை செய்யும் மாயம் என்று சொல்லுகிறவர்களுக்கு அது ஓர் எதிர்க்கேள்வியாக நிற்கிறது.

நம் தேசத்திலும் இந்த விசாரணை நடந்திருக்கிறது. லக்னௌவில் உள்ள சஞ்சய் காந்தி உயர் மருத்துவக் கழகத்து மயக்க மருந்து நிபுணர்கள், சிறுநீர்ப் பாதையில் உள்நோக்குக் கருவியாற் செய்யும் சிகிச்சைகளில் மணிக்கட்டுப் பட்டை பயன்படவில்லை என்று 2000இல் வெளியிட்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, துளை வழியே பித்தப்பையை அகற்றும் சிகிச்சையில் அதே அழுத்த முறை ஒண்டான்ஸெட்ரான் மருந்துக்கு நிகரான பலன் தந்தது என்று வெளியிட்டார்கள். ஒரே நிலையத்திலிருந்து இரண்டு முரண்பட்ட முடிவுகள் வருவதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை. வயிற்றுக்குள் வாயுவை நிரப்பிச் செய்யும் பித்தப்பைச் சிகிச்சை வாந்தியை மிகுதியும் தூண்டுவது. மற்றதில் அந்தத் தூண்டுதல் குறைவு. வாந்தியெடுப்பவர்களே சிலராக இருக்கும்போது எந்தப் பரிகாரத்தின் பலனும் கணக்கில் எளிதிற் புலப்படாது. பயனில்லை என்று கண்டதை மறைக்காமல் வெளியிட்ட அந்த நேர்மையே இரண்டாவது முடிவின் மேலும் நமக்கு விசுவாசத்தை உண்டாக்குகிறது.

இத்தகைய சிறு பரிசோதனைகள் பலவற்றை ஒன்றாகச் சேர்த்து எடைபோட்டால்தான் தீர்ப்புக் கிடைக்கும். ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்து ஆனா லீ என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் வைத்தியப் பரிசோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்புக்காக இந்தப் பணியைப் பல ஆண்டுகள் செய்தார்கள். 2015இல் வெளிவந்த அவர்களுடைய தொகுப்பில் 59 பரிசோதனைகளும், 7,667 நோயாளிகளும் அடங்கியிருந்தனர். போலிச் சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட, பி-6 தூண்டுதல் பெற்றவர்களுக்குக் குமட்டல் நேரும் ஆபத்து 32 சதவிகிதமும், வாந்தி நேரும் ஆபத்து 40 சதவிகிதமும் குறைந்திருந்தன. மருந்துகளோடு ஒப்பிட்டபோது இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. மருந்தோடு பி-6 தூண்டுதலும் சேர்ந்தபோது, மருந்து மட்டும் பெற்றவர்களைவிட வாந்தி மேலும் குறைந்தது. குமட்டலில் அவ்வாறு தெளிவான குறைவு தென்படவில்லை. ஊசி, மின்துடிப்பு, பட்டை என்ற முறைகளுக்குள் ஏற்றத்தாழ்வு தெளிவாக இல்லை. பக்கவிளைவுகளோ அற்பமானவை, தாமே மறைபவை.

இந்தச் சதவிகிதங்களின் பொருளை நிதானமாகப் பார்க்க வேண்டும். 100 பேரில் 30 பேர் வாந்தியெடுக்கக்கூடிய ஒரு கூட்டத்தில் 40 சதவிகிதக் குறைவு என்றால், 30 என்பது 18 ஆகும். அதாவது, 100 பேருக்குப் பட்டை கட்டினால் 12 பேர் தப்புகிறார்கள். 18 பேர் கட்டியும் வாந்தியெடுக்கிறார்கள். எஞ்சிய 70 பேர் கட்டாவிட்டாலும் எடுத்திருக்கமாட்டார்கள். அந்த எழுபதின்மருள் ஒவ்வொருவரும், பட்டையே தம்மைக் காத்தது என்று மனமார நம்பக்கூடும் என்பதால்தான் தனி மனிதரின் சாட்சியத்தை விஞ்ஞானம் ஒப்புக்கொள்வதில்லை.

இன்னும் ஒரு குறையையும் மறைக்கலாகாது. போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட பரிசோதனைகள் பல, முறையில் குறைபாடு உடையனவாகவும், ஒன்றோடொன்று ஒத்துப்போகாதனவாகவும் இருந்தமையால், அந்தப் பகுதியின் பிரமாணத்தைத் தாழ்ந்த தரத்தது என்றே லீயின் குழுவினர் மதிப்பிட்டார்கள். மருந்தைப் போல் ஒரே நிறமுள்ள வெற்று மாத்திரையைச் செய்துவிடலாம். வெற்று அழுத்தத்தை எப்படிச் செய்வது? குமிழ் இல்லாத பட்டையைக் கட்டினால் அணிந்தவர் வேறுபாட்டை உணரலாம்; வேறோர் இடத்தில் கட்டினால் அந்த இடத்துக்கும் ஏதேனும் பலன் இருக்குமோ என்ற சந்தேகம் எழும். இந்தச் சங்கடம் முற்றிலும் தீர்ந்தபாடில்லை. ஆயினும், அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகம் 1997இல் கூட்டிய நிபுணர் சபை, அக்குபங்சர் பயன் தருமென நம்பத்தக்க காரியங்களுள் சஸ்திர சிகிச்சைக்குப் பிந்திய வாந்தியை முன்வரிசையில் வைத்தது. பல நாட்டு மயக்க மருந்து நிபுணர்கள் கூடி 2020இல் வெளியிட்ட வழிகாட்டியும், பி-6 தூண்டுதலைத் தடுப்பு முறைகளின் வரிசையில் சேர்த்திருக்கிறது.

ஸ்தானத்தை அறிவது

உள்ளங்கையை மேல்நோக்கி வைத்துக்கொண்டு, கையும் மணிக்கட்டும் சேருமிடத்தில் ஓடும் ரேகையின் மேல், மற்றக் கையின் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் நெருக்கிக் குறுக்காகப் பதிக்க வேண்டும். மூன்று விரல்களின் அகலம் முடியும் இடத்தில், கையின் நடுவில், இரண்டு தசைநாண்களுக்கு இடையே உள்ள பள்ளமே அந்த ஸ்தானம். கையைச் சற்று மடக்கினால் நாண்கள் புடைத்துத் தெரியும். அளவுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை நோயாளியின் விரல்களே. பருத்த கையுள்ள ஒருவர் குழந்தையின் மணிக்கட்டைத் தம் விரலால் அளந்தால் இடம் தவறிவிடும். அவ்விரு நாண்களுள் ஒன்று சிலருக்குப் பிறப்பிலேயே இருப்பதில்லை. அவர்கள் புடைத்து நிற்கும் மற்றொரு நாணின் சுண்டுவிரற் பக்கத்து ஓரத்தைக் கொள்ளலாம். கட்டைவிரலால் உறுதியாக, ஆனால் வலி உண்டாகாதபடி, இரண்டு மூன்று நிமிஷம் அழுத்துவது ஒரு முறை. மயக்கம் கொடுப்பதற்கு முன்பே பட்டையை மாட்டி, சிகிச்சைக்குப் பின்னும் பல மணி நேரம் விட்டுவைத்து, இடையிடையே குமிழை அமுக்குவது மற்றொரு முறை.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. விரல்கள் வீங்கினாலோ, மரத்துப்போனாலோ, நிறம் மாறினாலோ பட்டையை உடனே தளர்த்த வேண்டும். சிறுநீரக நோய்க்காக இரத்தச் சுத்திகரிப்பு செய்வதற்கென்று இரத்தக் குழாய்களை இணைத்திருக்கும் கையிலும், மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் நீர்கோத்து வீங்கிய கையிலும், மருந்தும் நீரும் ஏறும் ஊசி செருகிய மணிக்கட்டிலும் பட்டை கட்டலாகாது. நான்கு ஆபத்துக் குறிகளும் உள்ளவருக்கு மருந்துகளை விலக்கிவிட்டு அழுத்தத்தை மட்டும் நம்புவது பேதைமை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, சிகிச்சைக்குப் பின் விடாமல் எடுக்கும் வாந்தி சில சமயங்களில் இரத்த அழுத்தம் இறங்கியதற்கோ, உள்ளே இரத்தம் கசிவதற்கோ, குடல் அசைவற்று நின்றதற்கோ அறிகுறியாக இருக்கலாம்; அப்போது செய்ய வேண்டியது வைத்தியரை அழைப்பதே.

தீர்ப்பும் கடமையும்

பழமையானது என்பதனாலேயே ஒன்று மெய்யாகிவிடுவதில்லை. அதற்குச் சொல்லப்பட்டு வந்த காரணம் பொருந்தவில்லை என்பதனாலேயே அது பொய்யாகிவிடுவதும் இல்லை. பி-6 ஸ்தானத்தின் கதை இந்த இரண்டு உண்மைகளையும் ஒருங்கே போதிக்கிறது. நாளங்களின் சித்தாந்தத்தை நம்பாத ஒரு பேராசிரியரும் அதில் ஊறிய ஒரு சீன வைத்தியரும் ஒரே நோயாளியின் கட்டிலருகே நின்று, வாந்தியெடுத்தவர் எத்தனை பேர், எடுக்காதவர் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினால், அவ்விருவருக்கும் பொதுவான ஓர் உரைகல் அங்கே கிடைத்துவிடுகிறது. அந்த உரைகல்லில் சீன மரபின் மற்றெத்தனையோ கூற்றுகள் இன்னும் தேறவில்லை. இது ஒன்று, அடக்கமான அளவில், தேறி நிற்கிறது. இதன் வெற்றியைக் காட்டி மற்றவற்றையும் நம்பச் சொல்லுவது எவ்வளவு தவறோ, மற்றவற்றின் தோல்வியைக் காட்டி இதை ஒதுக்கிவிடுவதும் அவ்வளவு தவறே.

செலவு மிகச் சிறிது, கருவி வேண்டியதில்லை, செவிலியர் ஒருவர் சில நிமிஷத்தில் கற்றுக்கொள்ளலாம், நோயாளியின் மனைவியோ மகனோ அருகில் அமர்ந்து செய்யலாம். மருந்து தாராளமாகக் கிடைக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் இது மருந்துக்குத் துணையாகவும், மருந்து அரிதாக உள்ள சிற்றூர் ஆஸ்பத்திரியிலும், மேலும் மருந்து ஏற்ற அஞ்ச வேண்டிய உடல்நிலையிலும், தன்னளவில் ஓர் ஆறுதலாகவும் அமையக்கூடும். சஸ்திர சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து நிபுணர் வந்து விசாரிக்கும்போது, முன்பு மயக்கம் தெளிந்ததும் வாந்தியெடுத்தது உண்டா, பஸ் பிரயாணம் ஒத்துக்கொள்ளுமா என்பனவற்றை ஒளிக்காமல் சொல்லி, தடுப்புக்கு என்னென்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்பது நோயாளியின் உரிமை. அந்த ஏற்பாட்டில் மணிக்கட்டுப் பட்டைக்கும் இடம் உண்டா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. நூறு பேரில் பன்னிரண்டு பேர் என்பது ஏட்டில் சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் தையலிட்ட வயிற்றோடு இரவெல்லாம் ஓங்கரிக்காமல் உறங்கும் அந்தப் பன்னிரண்டு பேருக்கு அது முழுப் பலன். அதைக் கைக்கெட்டிய தூரத்தில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருப்பதற்கு வைத்தியத்துக்கு நியாயமான காரணம் ஒன்றும் இல்லை.